கூறு கட்டி விற்கும் சரித்திரம்

சந்தைக்குச் செல்வோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருக்கும் வியாபாரி நல்ல காயை மேலே அடுக்கிச் சொத்தையை அடியில் வைப்பது வழக்கம். அதனால் வாங்குகிறவர் கூறைக் கலைத்துப் பார்த்தே மடியிலிருந்து காசை எடுக்கிறார். அதை எந்த வியாபாரியும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. இந்நாளில் நம் நாட்டில் கத்தரிக்காயைப் போலவே சரித்திரமும் கூறு கட்டி விற்கப்படுகின்றது. ஆனால் அந்தக் கூறைக் கலைத்துப் பார்க்க மட்டும் நம்மவர்க்குக் கை நீளுவதில்லை. காரணம் யாதெனில், அக்கடையின் முகப்பில் "நிபுணர்கள்" என்றொரு பலகை தொங்குகின்றது. பலகையைக் கண்டவுடன் கைகட்டி நிற்பது நம்மிடம் நெடுநாளாக ஊறிய பழக்கம்.

பாரம்பரியச் சுற்றுலாக் கம்பெனிகளைப் பற்றியே இதனை எழுதுகின்றோம். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. பழைய தெருவும் பழைய கல்லும் காசு தரும் சரக்காகும் என்பதை இன்று அறியாதவர் இல்லை. கெடாவின் பூசாங் பள்ளத்தாக்குக்கும், சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கும், எல்லை கடந்து சயாமின் காஞ்சனபுரிக்கும் நம்மவர் பஸ் ஏறிப் போகின்றனர். போகட்டும், நல்லதே. வீட்டில் முடங்கிக் கிடப்பதினும் நாலு இடம் நடந்து பார்ப்பது மேல். ஆனால் அக்கம்பெனிகளின் பிரசுரத்தை எடுத்துப் பாருங்கள். முதற் பக்கத்தில் இடத்தின் படம் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் மனிதர்களின் படம் இருக்கும். இவர் பேராசிரியர், இவர் கலாநிதி, இவர் சரித்திர ஆலோசகர், இவர் தொல்பொருள் வல்லுநர் என்று படங்களின் கீழே பட்டங்கள் அணிவகுத்து நிற்கும். கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்டால், அந்தப் பக்கத்தையே விரலால் சுட்டிக் காட்டுவார்கள்.

அந்த இரண்டாம் பக்கத்தோடுதான் நமக்கு வழக்கு. வெயிலில் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை நடத்திச் செல்லும் வழிகாட்டியின்மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்து அன்றைய கூலியை வாங்கிச் செல்லும் ஏழை. எழுதிக் கொடுத்தவர்களையும், எழுதாமலே பெயரை மட்டும் வாடகைக்கு விட்டவர்களையுமே நாம் கேள்வி கேட்கின்றோம்.

கடாரத்தில் கேட்டது

சென்ற ஆண்டில் ஒரு தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு நாமும் பூசாங் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். எந்தக் கம்பெனி என்பது இங்கு வேண்டாம். ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக் அரும்பொருட் சாலையை ஒட்டி, புக்கிட் பத்து பஹாட் என்னும் இடத்துக் கருங்கற் கோயிலின் அடித்தளம் இருக்கின்றது. அதன் முன்னே பிள்ளைகளை நிறுத்தி வழிகாட்டி முழங்கினார். "மாமன்னன் ராஜேந்திரன் ஆயிரம் கப்பல்களோடு வந்து இந்நாட்டை வென்று, தமிழாட்சியை நிறுவி, இந்தக் கோயில்களையெல்லாம் கட்டினான்!" ஆசிரியர்கள் கைதட்டினர். பிள்ளைகளும் தட்டினர். தட்டாத ஒரு சிறுமி மட்டும், "அண்ணே, அவர் கட்டினார்னு இந்தக் கல்லில எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டாள். வழிகாட்டி சற்றே திகைத்து, பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "எங்கள் நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள், அம்மா" என்றார்.

அந்தச் சிறுமியின் கேள்விதான் சரித்திரம். அவளுக்குக் கிடைத்த விடை வியாபாரம்.

உண்மையில் தெரிந்தது என்ன? தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் ராஜேந்திரனின் 1030-ஆம் ஆண்டளவிலான கல்வெட்டு இருக்கின்றது. அலைகடல் நடுவே கப்பல்களை அனுப்பி, கடாரத்து அரசனாகிய சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவனுடைய பொருளைக் கைக்கொண்டதையும், ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம் முதலிய ஊர்களையும் அது வரிசையாகச் சொல்லுகின்றது. படையெடுப்பு நடந்தது 1025-ஆம் ஆண்டளவில் என்பர். வந்தவன் இங்கே தங்கி ஆண்டான் என்றோ, கோயில் கட்டினான் என்றோ அக்கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. பள்ளத்தாக்கின் இடிபாடுகளோ ஒரே காலத்தவை அல்ல. அவற்றுட் சில ராஜேந்திரன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை. பல, பௌத்தருடையவை. நூற்றாண்டுகள் பலவாகப் பல கைகள் கட்டியதை ஓர் அரசன் ஒரே மூச்சில் கட்டியதாகச் சொல்லும் நிபுணர், தஞ்சைக் கல்வெட்டையும் படிக்கவில்லை, கெடாவின் மண்ணையும் பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டும். படித்தும் பார்த்தும் அப்படிச் சொன்னாராயின் குற்றம் இன்னும் பெரிது.

"பட்டினப்பாலையிலேயே கடாரம் இருக்கிறது; ஆகவே ஈராயிரம் ஆண்டுத் தொடர்பு ஐயத்துக்கு இடமற்றது" என்பது அவர்களுடைய மற்றொரு வாக்கியம். அப்பாட்டில் இருக்கும் சொல் காழகம். அது கடாரமே என்று உரை சொன்னவர் நச்சினார்க்கினியர். பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்துள்ளது. உரையாசிரியர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பாட்டு சொன்னது எது, உரை சொன்னது எது என்று பிரித்துக் காட்டுவது நிபுணரின் முதற் கடமை அல்லவா? அதைப் பிரிக்காமல் குழைத்து ஊட்டுவதற்குப் பட்டம் எதற்கு?

இவர்கள் அரசனைத் துதிக்கும் அவசரத்தில் மண்ணிலிருந்து எழுந்து வந்த மனிதர்களை மிதித்துக்கொண்டு போகின்றார்கள். 1834-இல் ஜேம்ஸ் லோ என்பவர் இன்றைய செபராங் பிறைப் பகுதியில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டினது என்று கருதப்படும் அப்பலகை இன்று கல்கத்தா அரும்பொருட் சாலையில் இருக்கின்றது. அதில் உள்ள பெயர் எந்த அரசனுடையதும் இல்லை. புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவனுடையது. ரக்தமிருத்திகை என்னும் தன் ஊரின் பெயரையும் சொல்லி, தன் பயணம் நன்கு முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரு மாலுமி அவன். அவ்வூர் வங்காளத்தில் உள்ளது என்பது ஆராய்ந்தோர் முடிபு. 2009 முதல் சுங்கை பத்துவில் அகழ்ந்தபோது வெளிப்பட்டவை இரும்பை உருக்கிய உலைகளும், துருத்தியின் காற்றைச் செலுத்திய களிமண் குழாய்களும், படகுத் துறைகளுமாம். அவற்றின் வயது எவ்வளவு என்பதில் அறிஞரிடையே சச்சரவு உண்டு. ஆனால் உலைமுன் வெந்தவன் உழைப்பாளி என்பதில் சச்சரவு இல்லை. இவ்வளவும் கண்முன் கிடக்க, பிரசுரத்தில் அச்சிடுவது யானையும் கப்பலும் மகுடமுமே.

இந்த வெற்றுப் பெருமை கல்லைக் காத்ததா என்றால் அதுவும் இல்லை. 2013-இல் அதே பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் சண்டி என்று ஆய்வாளர் குறித்து வைத்திருந்த இடிபாடு, நில மேம்பாட்டு வேலையில் தரைமட்டமாக்கப்பட்டது. தனியார் நிலத்தில் இருந்த அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகச் சட்டப்படி பதிவு செய்யப்படவே இல்லை என்பது இடித்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. ஆயிரம் கப்பல்களைப் பற்றி மேடையில் முழங்கியவர்கள், ஒரு பதிவுத்தாளைப் பற்றி முன்னரே கேட்டிருந்தால் ஒருவேளை அந்தச் சுவர் நின்றிருக்கும்.

உண்மை நிபுணர் யார்?

நிபுணர்களே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். உண்மை நிபுணர் எப்படி நடப்பார் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகின்றோம். 1913-இல் டச்சு அறிஞர் கெர்ன், பாங்கா தீவிலுள்ள கோத்தா காப்பூர் கல்வெட்டை வெளியிட்டபோது, அதில் வரும் ஸ்ரீவிஜயம் என்பதை ஓர் அரசனின் பெயராகக் கருதினார். 1918-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் செதேஸ், பல மொழிச் சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அது ஆளின் பெயர் அல்ல, ஒரு பெரும் நாட்டின் பெயர் என்று நாட்டினார். சோழர் சாசனங்களும் அச்சான்றுகளுள் இருந்தன. கெர்ன் சிறியவர் ஆகிவிடவில்லை. செதேஸ் பட்டத்தைக் காட்டி வாயடைக்கவும் இல்லை. இதோ சான்று, இதோ என் வழி, பிழையிருந்தால் திருத்துக என்று இருவரும் தம் கூறைத் தாமே கலைத்துக் காட்டினர்.

அவ்வாறே, 1936-இலும் 1937-இலும் பூசாங் பள்ளத்தாக்கை அகழ்ந்த குவாரிச் வேல்ஸ், இந்தியாவிலிருந்து குடியேறியோரின் அலைகளால் அவ்விடிபாடுகள் எழுந்தன என்றார். பின்வந்தோர் பலர் அதை மறுத்து, கடல் வணிகத்தால் வந்த கருத்துகளை இந்நாட்டு மக்களே தம் கையால் கல்லாக்கினர் என்றனர். எது சரியென்று இங்கே தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் 1940-ஆம் ஆண்டளவில் ஒருவர் சொன்ன முடிபை, எண்பது ஆண்டு மறுப்பையும் மறைத்துவிட்டு, இன்று காலையில் அகழ்ந்தெடுத்த உண்மை போல விற்பது எந்த ஊர் நியாயம்?

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த ஒரு பெரும் பாறை இருந்தது. 1843-இல் அதை வெடிவைத்துப் பிளந்தனர். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருட் சாலையில் இருக்கின்றது. அதன் எழுத்தை முழுமையாகப் படித்தவர் இன்றுவரை இல்லை. 2019-இல் ஓர் ஆய்வாளர், அதில் "கேசரிவ" என்று சில எழுத்துகள் தெரிவதாகவும், பரகேசரிவர்மன் என்னும் சோழப் பட்டத்தின் பகுதியாக அது இருக்கலாம் என்றும் கருத்துரைத்தார். "இருக்கலாம்" என்பது அவருடைய நேர்மை. அந்த "லாம்" பஸ் ஏறும்போதே கீழே விழுந்துவிடுகின்றது. ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது "சோழனின் கல்வெட்டு இதுவே" ஆகிவிடுகின்றது. ஆராய்ச்சிக்கும் வியாபாரத்துக்கும் இடையே உள்ள தூரம் அந்த ஓர் எழுத்தின் தூரம்தான்.

முட்டையைக் கேட்டவர், கையைக் கேட்கவில்லை

அதே சிங்கப்பூரில் புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்கு எல்லாக் கம்பெனிகளும் கூட்டத்தை அழைத்துப் போகின்றன. அதன் வெள்ளைச் சுவரைத் தொட்டுக் காட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து பூசிய சென்னைச் சாந்து இது என்று வழிகாட்டி சுவையாகச் சொல்லுவார். கேட்போர் முட்டையைப் பற்றி வியந்து பேசிக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போவார்கள். சாந்தைக் குழைத்த கை யாருடையது?

அக்கட்டடத்தை 1856-ஆம் ஆண்டு முதல் எழுப்பியோர், சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரின் சாலைகளையும் பாலங்களையும் கால்வாய்களையும், பின்னர் கவர்னர் மாளிகையையும் கட்டியவர்கள் அவர்களே. கட்டடத்துக்கு வரைபடம் தந்த மக்பெர்சனின் பெயர் பிரசுரத்தில் இருக்கின்றது. இருக்கட்டும், அவர் உழைத்தார். குழைத்தவர்களில் ஒருவரின் பெயரேனும் இருக்கின்றதா? அவர்களைப் பற்றி 1899-இல் வெளிவந்த பெரிய நூலை எழுதியவர் மக்நேர், அவர்களுக்கு மேலதிகாரியாய் இருந்தவர். சிறைப்பட்டவனின் கதையைச் சிறை காத்தவன் எழுதியதை மட்டும் படித்துவிட்டு, "கைதிகள் மகிழ்ச்சியோடு தொழில் கற்றனர்" என்று ஒப்பிக்கும் நிபுணர், இது யார் வாய்ச்சொல் என்பதையாவது கேட்போர்க்குச் சொல்லவேண்டாமா?

காஞ்சனபுரியில் நடக்கும் அநீதி

இதுவரை சொன்னவை பொறுக்கக்கூடிய குற்றங்கள் என்று சிலர் கருதலாம். இனிச் சொல்வதைப் பொறுக்க முடியாது.

ஜப்பானியர் காலத்தில், 1942-இலும் 1943-இலும், சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. சயாம் மரண ரயில் என்று நம் பாட்டிமார் சொன்னது இதுவே. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தனர். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களைப்போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர் என்பது மதிப்பீடு. அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டும், மூன்று மாத வேலை என்று ஆசை காட்டியும், இலவசப் படம் என்று கொட்டகையில் கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியும் கொண்டுபோனதைத் திரும்பி வந்தோர் சொல்லியிருக்கின்றனர். காலராவும் பட்டினியும் தின்றது போக வந்தவர்கள் அவர்கள்.

இன்று அங்கே போகும் சுற்றுலாவில் சொல்லப்படுவது யாது? ஒரு பிரெஞ்சுக்காரர் 1952-இல் எழுதிய நாவலும், 1957-இல் வந்த சினிமாவுமே. அந்தச் சினிமா எடுக்கப்பட்ட இடம் இலங்கை. இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். பாலம் நிற்கும் ஆற்றுக்கு அப்போது மே குளோங் என்று பெயர். சினிமாவைப் பார்த்துவிட்டு "குவாய் நதி" எங்கே என்று கேட்டு வந்த பயணிகளுக்காக, 1960-ஆம் ஆண்டளவில் அந்த ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றினார்கள். கதைக்கு ஏற்ப ஆறே பெயரை மாற்றிக்கொள்ளும்போது, கூலியின் பெயரை யார் தேடப்போகின்றார்கள்?

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஆளுக்கொரு பலகை, பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்திருக்கும். அதைக் கண்டு நாம் பொறாமை கொள்ளவில்லை. மாண்டவன் எவனாயினும் அவனுக்கு அந்த மரியாதை உரியதே. ஆனால் அந்தப் பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்று கேளுங்கள். முகாமில் இருந்த அதிகாரிகளும் பாதிரிமாரும், காவலர் கண்ணில் படாமல், யார் எங்கே எப்போது புதைக்கப்பட்டார் என்று பட்டியல் எழுதி மறைத்து வைத்தனர். போர் முடிந்ததும் 1945-இல் ஒரு தேடற் குழு அப்பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு பாதை நெடுகிலும் சென்று புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. நம்மவர்க்குப் பட்டியல் எழுத அதிகாரி இல்லை. தேடிப் போகக் குழுவும் இல்லை. மொத்தக் குழியில் தள்ளி மண்ணை மூடினர்.

பன்னிரண்டாயிரத்தை மணிக்கணக்காகப் பேசிவிட்டு, பல பதினாயிரத்தை "ஆசியத் தொழிலாளரும் சிலர்" என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் நிபுணரை நாம் என்னவென்று சொல்வது? அவருக்கு முன்னே நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மாண்டவரின் பேரப்பிள்ளைகள். அவர்களிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய பாட்டனையே மறைத்துவிடுகின்றார்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"நாங்கள் வியாபாரம் செய்கிறோம், பள்ளிக்கூடம் நடத்தவில்லை" என்பார்கள். நன்று. அப்படியானால் இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். பஸ்ஸும் சாப்பாடும் விற்கிறோம் என்று சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். எவரும் குறை சொல்லார். நிபுணரின் பெயரைச் சொல்லிக் காசு வாங்குகிறவர், நிபுணத்துவத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். பாலென்று விலை சொல்லித் தண்ணீரை அளப்பதை எந்தச் சந்தையும் ஒப்பாது.

"சாமானியரைப் பற்றி ஆதாரம் இல்லை" என்பார்கள். தோட்டந்தோறும் செக்ரோல் இருந்தது. ஒருநாள் பெரட்டுக்கு வராதவனின் கூலியைப் பிடிக்க அவன் பெயர் எழுதப்பட்டது. தொழில் இலாகா ஆண்டுதோறும் அறிக்கை எழுதியது. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு, ஆள் கணக்குப் பார்த்துத் தோட்டங்கள் பணம் கட்டின. கூலியைப் பிடிக்கவும் வரி வாங்கவும் எழுதப்பட்ட பெயர், சரித்திரம் எழுதும்போது மட்டும் காணாமற் போனது எப்படி? ஆதாரம் இல்லை என்பது பெரும்பாலும் தேடவில்லை என்பதன் மரியாதையான பெயர்.

"ஜனங்கள் பெருமையைக் கேட்க வருகிறார்கள், அழுகையைக் கேட்க வரவில்லை" என்பார்கள். பெருமைதான் வேண்டுமானால் இதோ தருகின்றோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடவேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்று கேட்டதோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். கள்ளைக் குடித்துக் கிடக்கிறவன் என்று ஏசப்பட்டவனே கள்ளுக்கடையை மூடச் சொன்னான். சைக்கிளைவிட்டு இறங்கமாட்டேன் என்று சொன்ன அந்தத் தொழிலாளியின் பெருமை, ஆயிரம் ஆண்டுக்கு முன் யாரோ ஓர் அரசன் கொள்ளையிட்ட கதவின் பெருமையைவிடக் குறைந்ததா? அந்த வீதிகளில் நிபுணர்களின் பஸ் ஏன் நிற்பதில்லை?

கடைசியாக, "தமிழன் பெருமையை நீங்களே குலைக்கிறீர்கள்" என்று நம்மவரே சிலர் சினப்பர். ராஜேந்திரன் படையெடுத்தது மெய். அது தமிழில் கல்லில் எழுதப்பட்டிருப்பதும் மெய். சயாமின் தக்குவாபாவில் குளம் தொட்டு அதை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சுமாத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டின் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு உண்டு. இவ்வளவு மெய்யை வைத்துக்கொண்டு பொய்யைக் கடன் வாங்குவானேன்? மேலும், அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளையின் முன்னே நின்று "உன் நாட்டை நாங்கள் ஆண்டோம்" என்று நம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது சரித்திரமும் ஆகாது, நல்லறிவும் ஆகாது. ஒரு பொய் பிடிபட்டால், பக்கத்திலிருக்கும் ஒன்பது மெய்யையும் உலகம் சந்தேகிக்கும்.

கேட்கவேண்டியவை

ஆகவே கம்பெனிகளின் நிபுணர்களிடம் நாம் கேட்பது அதிகம் இல்லை. சொல்லும் ஒவ்வொன்றையும், இது கண்டது, இது ஊகித்தது, இது செவிவழி வந்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். கல்வெட்டைக் காட்டினால், படித்தவர் யார் என்று சொல்லுங்கள். உங்கள் பெயரில் ஒப்பிக்கப்படுவதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூட்டத்தோடு நின்று உங்கள் காதாலேயே கேளுங்கள். பிழை கண்டால் அடுத்த பிரசுரத்தில் அதை ஒப்புக்கொண்டு அச்சிடுங்கள். வழிகாட்டிக்கு மனப்பாடம் செய்யத் தாளைக் கொடுப்பதோடு நில்லாமல், படிக்கப் புத்தகத்தையும் தக்க கூலியையும் கொடுங்கள். கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும்போது, ஒரு காலத்தில் அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதையும் சொல்லுங்கள். ஓர் ஊரைக் காட்டிக் காசு வாங்கினால், அவ்வூரில் பிறந்து வளர்ந்த ஒரு முதியவரைப் பேசவிட்டு அவருக்கும் சம்பளம் கொடுங்கள். அவரும் ஒரு நிபுணரே.

இனி நம்மவரிடம் ஒரு சொல். இந்தக் கடையைத் திறந்தவர் கம்பெனிக்காரர் என்றாலும், அதை வளர்த்தவர் நாம். தமிழன் உலகாண்டான் என்று சொன்ன பிரசங்கியாருக்கு நம் சங்கங்கள் பொன்னாடை போர்த்தின. ஆதாரம் கேட்டவனைத் துரோகி என்றன. வீட்டுத் திண்ணையில் பாட்டி "நான் ரஜூலாக் கப்பலில் வந்தேன்" என்று தொடங்கும்போது, "அந்தப் பழங்கதை இப்போ எதற்கு?" என்று எழுந்து போனவர்கள் நாமே. அந்தப் பாட்டியின் கதையைக் கேட்க நேரமில்லாத நாம், கட்டணம் கட்டி ராஜேந்திரன் கதையைக் கேட்கின்றோம்.

காலம் மிகக் குறைவு. 1942-இல் பத்து வயதுப் பிள்ளையாக நின்று, தகப்பனை லாரியில் ஏற்றிப் போவதைக் கண்டவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, லயங்கள் பெயர்க்கப்பட்டு, ஒரே தோட்டத்தார் பத்துப் பட்டணங்களில் சிதறிக் கிடக்கின்றனர். அந்த முதியவர்கள் கண்மூடிவிட்டால், பிறகு எந்தப் பேராசிரியரும் அவர்களை அகழ்ந்தெடுக்க முடியாது.

பூசாங்கிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிறுமி எமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கே உன் ஊர் என்று கேட்டோம். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "எங்க பாட்டியோட அப்பா சயாமுக்குப் போயி திரும்பி வரலையாம்" என்றாள். அவர் பெயர் என்ன என்று கேட்டோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, "தெரியாதுங்க. வீட்டில எல்லாரும் சயாம் தாத்தான்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

வாசகர்களே! கல்லில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் வீட்டுப் பெயர் தெரியவில்லை. அது அவள் குற்றம் ஆகாது. இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்கார்ந்து, அவர் பெயர், ஊர், வந்த கப்பல், அழைத்து வந்த கங்காணி, வேலை செய்த தோட்டம், சயாமுக்குப் போனவர், திரும்பாதவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். எழுதியதில் ஒரு படியைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் கொடுங்கள். அடுத்த முறை பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தை யாரேனும் உங்கள் முன் நீட்டினால், உங்கள் நோட்டுப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்து, "ஐயா, இதிலிருக்கும் பெயர்கள் உங்கள் சரித்திரத்தில் எங்கே?" என்று கேளுங்கள்.